சாக்லேட் வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு

டிசம்பர் பிறந்தால் போதும், லூவனில் படிக்க வந்த பிள்ளைகளும் ப்ரஸ்ஸல்ஸில் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளும் ஒரே கேள்வியோடு வந்து நிற்பார்கள்: "ஊருக்குப் போறோம் மாமா, சாக்லேட் எந்தக் கடையில வாங்கலாம்?" கடைப் பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் உள்ளே போய் எதை எடுப்பது, எதைத் தொடாமல் விடுவது என்று தெரியாவிட்டால் நல்ல கடையிலும் காசு வீண்தான். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே எண் போட்டு எழுதிவிட்டேன். மற்றவற்றை எப்படி வேண்டுமானாலும் புரட்டிப் படியுங்கள். முதலாவதை மட்டும் முதலில் படித்துவிடுங்கள்.

1. யாருக்கு, என்றைக்கு. இந்த இரண்டுக்கும் பதில் வைத்துக்கொண்டு கடைக்குள் நுழையுங்கள். நாளை மாலை பேராசிரியர் வீட்டு விருந்துக்கு என்றால் க்ரீம் நிரப்பிய புத்தம்புதிய சாக்லேட்டை வாங்கலாம். மூன்று வாரம் கழித்து மதுரையில் பெரியப்பா பிரிக்கப்போகிற பொட்டலம் என்றால் அதே சாக்லேட்டை வாங்கக் கூடாது. ஐரோப்பாவின் மிக உயர்ந்த ரகங்களில் பல, ஆயுள் மிகக் குறைந்தவை. பல மாதம் தாங்குகிற மாதிரி செய்யப்பட்டவற்றில் சில நல்லவை, பல சுமார்தான். இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. கடைக்காரரே முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: எப்போது சாப்பிடப் போகிறார்கள்? அதைக் கேட்கிற கடை நல்ல கடை.

2. உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக மின்னுவதெல்லாம் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும். உள்ளீடுதான் ஆயுளையும் ருசியையும் தீர்மானிக்கிறது. கனாஷ் என்றால் சாக்லேட்டோடு பால் க்ரீம் சேர்த்துக் குழைத்தது. நம்மூர் பால்கோவா மாதிரி அதற்கும் நாள் கணக்கு உண்டு; கையால் செய்கிற கடைகளில் இரண்டு வாரம், மூன்று வாரம் என்று எழுதித் தருவார்கள். பிராலினே என்றால் பாகில் வறுத்த ஹேசல் கொட்டையையோ பாதாமையோ சர்க்கரையோடு சேர்த்து அரைத்த விழுது. அதில் க்ரீம் இல்லாததால் சில மாதம் தாங்கும். மார்சிபன் பாதாமும் சர்க்கரையும் சேர்ந்தது, அதுவும் தாங்கும். கேரமல் இரண்டுக்கும் நடுவில். பெல்ஜியத்தில் 'பிராலின்' என்று சொன்னால் உள்ளீடு வைத்த எந்தச் சாக்லேட்டும் அதில் அடங்கிவிடும். அதனால் பிராலின் கொடுங்கள் என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். விரலை நீட்டி, இதில் க்ரீம் உண்டா என்று கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. உள்ளூர்க்காரர்கள் இதைவிடத் துருவித் துருவிக் கேட்பார்கள்.

3. முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் உண்மை. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி உட்பொருட்களை எடை வரிசையில் எழுத வேண்டும். எது அதிகமோ அது முதலில் வரும். கறுப்புச் சாக்லேட் வாங்கும்போது முதல் சொல் கொக்கோவாக இருக்கட்டும். சர்க்கரை முதலில் நின்றால் அந்த விலைக்கு அது தகாது. மற்றபடி சட்டம் கேட்பது குறைந்தபட்சம்தான்: சாதாரணச் சாக்லேட்டுக்கு 35 சதவீதக் கொக்கோ, பால் சாக்லேட்டுக்கு 25, வெள்ளைச் சாக்லேட்டுக்கு 20 சதவீதக் கொக்கோ வெண்ணெய். நல்ல தயாரிப்பாளர்கள் இதைத் தாண்டி வெகுதூரம் போயிருப்பார்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது கொழுப்பு. கொக்கோ வெண்ணெய் விலை அதிகம். அதனால் வேறு தாவரக் கொழுப்பைக் கலக்கலாமா என்று ஐரோப்பாவில் பல வருடம் சண்டை நடந்தது. 2000-ஆம் ஆண்டு உத்தரவு ஒரு சமரசம் செய்தது: 5 சதவீதம் வரை கலக்கலாம், அதுவும் ஆறே ஆறு கொழுப்புகளை மட்டும், கலந்ததை அட்டையில் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த ஆறில் மூன்று நம் நாட்டில் கிடைப்பவை: சால் விதை, கோகம், மாங்கொட்டைப் பருப்பு. பாமாயில், ஷியா, போர்னியோ காட்டு இல்லிப்பே ஆகியவை மற்றவை. மாங்கொட்டைக் கொழுப்பு விஷம் இல்லை. ஆனால் உயர்ந்த ரகம் என்று விலை போட்டு விற்பதில் அதற்கு வேலை இல்லை.

இதில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. இந்த 5 சதவீதக் கட்டுப்பாடு சாக்லேட்டுக்குத்தான், உள்ளீட்டுக்கு இல்லை. மேலே மெல்லிய சாக்லேட் தோல், உள்ளே சர்க்கரையும் பாமாயிலும் குழைத்த கூழ் என்று செய்து, பெட்டி மேல் 'பெல்ஜியச் சாக்லேட்' என்று தங்க எழுத்தில் அச்சடித்தால் அது சட்டப்படி சரிதான். சுற்றுலாத் தெருக்களில் மூன்று பெட்டி பத்து யூரோ என்று அடுக்கி வைத்திருப்பதில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். முதல் இரண்டு சொல்லிலேயே கதை முடிந்துவிடும்.

4. எழுபது சதவீதம் என்பது மதிப்பெண் இல்லை. கொக்கோக் கொட்டையிலிருந்து வந்தது எவ்வளவு என்பதை மட்டும் அந்த எண் சொல்கிறது. கொக்கோத் தூளும் கொக்கோ வெண்ணெயும் இரண்டும் சேர்ந்த கணக்கு. மீதி 30-இல் ஏறக்குறைய எல்லாமே சர்க்கரை. கொட்டை நல்லதா, பக்குவமாக வறுத்ததா என்பதை அந்த எண் சொல்லாது. கருகிய கொட்டையிலும் 85 சதவீதம் செய்யலாம். பிரான்சில் தேன் லெர்மிதாஜ் ஊரில் உள்ள வல்ரோனா நிறுவனம் 1986-இல் குவானாஹா என்ற 70 சதவீதச் சாக்லேட்டைக் கொண்டுவந்தபோது அவ்வளவு கசப்பை யார் தின்பார்கள் என்று தோன்றியிருக்கும். இன்றைக்கு அந்த எண்ணே ஒரு நாகரிகமாகிவிட்டது. கறுப்புச் சாக்லேட் பழகாத அம்மாவுக்கு 85 வாங்கிக்கொண்டு போனால் அது அடுத்த தீபாவளி வரைக்கும் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கும். 55, 60-இல் ஆரம்பியுங்கள். நல்ல கொக்கோ போட்ட 40 சதவீதப் பால் சாக்லேட் என்று ஒன்று இருக்கிறது. நம் வீட்டு நாக்குகளுக்கு அதைப்போலப் பொருத்தமானது வேறில்லை என்பது என் கட்சி.

5. ப்ரஸ்ஸல்ஸில் வாங்கினால் நிறுத்துக் கட்டித் தருகிற கடையில் வாங்குங்கள். இந்த ஊரின் பெருமையே அதுதான். 1857-இல் ஜான் நொய்ஹவுஸ் என்ற ஸ்விஸ்காரர் இங்கே கிராண்ட் ப்ளாஸ் சதுக்கத்துக்குப் பக்கத்திலுள்ள கண்ணாடிக் கூரை போட்ட கடைவீதியில் மருந்துக் கடை வைத்தார். அவருடைய பேரன் 1912-இல் சாக்லேட் ஓட்டுக்குள் உள்ளீட்டை வைத்தார். கூம்புத் தாளில் கட்டிக் கொடுத்தபோது அவை ஒன்றோடொன்று நசுங்கின. பேரனின் மனைவி லூயிஸ் அகோஸ்தினி 1915-இல் அட்டையை மடித்து ஒரு பெட்டி செய்தார். பாலோட்டாங் என்ற அந்தப் பெட்டியில்தான் இன்றுவரை எல்லாக் கடைகளிலும் தருகிறார்கள்.

அதைக் கட்டுவதைப் பார்ப்பதே ஒரு காட்சி. கவுன்ட்டரில் நிற்கும் பெண் மெல்லிய கையுறை போட்டிருப்பார். காலிப் பெட்டியைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவார். நீங்கள் காட்டக் காட்ட ஒவ்வொன்றாக எடுத்து, கெட்டியானதை அடியிலும் மென்மையானதை மேலேயும் அடுக்குவார். ஒரு வரிசை நிறைந்ததும் மேலே ஒரு தாளை விரிப்பார். 250 கிராம் கேட்டிருப்பீர்கள். தராசு 240-ஐத் தொட்டதும் கை நின்றுவிடும், நிமிர்ந்து உங்களைப் பார்ப்பார். இன்னும் ஒன்று வைத்தால் கொஞ்சம் கூடும், பரவாயில்லையா என்று அர்த்தம். பரவாயில்லை என்று சொல்லுங்கள். பிறகு காதுகளை மடித்து மூடி ரிப்பன் கட்டுவார். இந்த ரிப்பனுக்குத் தனியாகக் காசு கிடையாது. அவசரத்தில் வாங்குகிற ஆயத்தப் பெட்டியில், யாரோ முடிவு செய்த பதினாறு துண்டுகள் இருக்கும். அதில் நாலு உங்களுக்குப் பிடிக்காது.

எந்தக் கடை என்று மறுபடி கேட்பீர்கள். நாள்தோறும் வாங்கித் தின்ன லியோனிடாஸ். கிலோ விலை மற்றவர்களைவிடக் குறைவு. காபி க்ரீமின் மேல் வெள்ளைச் சாக்லேட் பூசிய 'மனோன்' அங்கே நன்றாக இருக்கும். கொஞ்சம் மரியாதையாகக் கொடுக்க நொய்ஹவுஸ் அல்லது 1919-இல் தொடங்கிய மேரி. சாக்லேட்டை நன்றாகத் தெரிந்தவருக்கு என்றால் சாப்லோன் சதுக்கத்துக்குப் போங்கள். அங்கே 1910 முதல் இருக்கிற விட்டமர் கடையும் பியர் மார்கோலினியின் கடையும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. மார்கோலினி கொக்கோக் கொட்டையைத் தானே வாங்கி வறுப்பவர். பெரும்பாலான கடைகள் அப்படிச் செய்வதில்லை. வீஸ ஊர் கால்போ போன்ற பெரிய ஆலையிலிருந்து அடிப்படைச் சாக்லேட்டை வாங்கி உருக்கி உள்ளீட்டில் கைவரிசையைக் காட்டுவார்கள். அதில் குறை ஒன்றுமில்லை. பட்டைச் சாக்லேட் வாங்கும்போதுதான் கொட்டையை வறுத்தது யார் என்ற கேள்வி முக்கியம்.

6. பெயர் பெரியதா என்று பார்க்காதீர்கள், பெயர் இப்போது யார் கையில் என்று பாருங்கள். ப்ரஸ்ஸல்ஸில் 1926-இல் டிராப்ஸ் குடும்பம் தொடங்கிய கோடிவா, அமெரிக்க சூப் கம்பெனி கைக்குப் போய், பிறகு துருக்கி நிறுவனத்திடம் சேர்ந்தது. கடற்சிப்பி வடிவ கைலியன் கொரியாவின் லோட்டே வசம் இருக்கிறது. யானைப் படம் போட்ட, 1883-இல் பிறந்த கோத் தோர் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் பல பெயர்களில் ஒன்று. கை மாறினாலே கெட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விலையில் ஒரு பங்கு பழைய பெயருக்காகக் கொடுக்கிறீர்கள், அது தெரிந்து கொடுங்கள். சென்னை மாலில் கிடைப்பதையே இங்கிருந்து தூக்கிப்போவதில் என்ன அர்த்தம்?

7. ஸூரிக் போகிறவர்கள் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். லிண்ட் உண்ட் ஷ்ப்ரூங்லி வேறு, ஷ்ப்ரூங்லி மிட்டாய்க் கடை வேறு. 1836-இல் ஆரம்பித்த ஒரே குடும்பத் தொழில் 1892-இல் இரண்டு மகன்களுக்குப் பிரிந்தது; தொழிற்சாலை ஒருவருக்கு, கடைகள் இன்னொருவருக்கு. தொழிற்சாலைக்காரர் 1899-இல் பெர்ன் நகரத்து ரோடொல்ஃப் லிண்டின் ஆலையை வாங்கினார். சாக்லேட்டை மணிக்கணக்கில் அரைத்துக் கிண்டி, மணல் போலிருந்ததை வழவழப்பாக்கும் முறையை 1879-இல் கண்டுபிடித்தவர் அந்த லிண்ட்தான். அந்தப் பட்டைகள் உலகம் முழுக்கக் கிடைக்கும். கிடைக்காதது, பாராடெப்ளாட்ஸ் முனையிலுள்ள ஷ்ப்ரூங்லி கடையில் அன்றன்று செய்து விற்கும் ட்ரஃபிள். அதை வாங்கி ஊருக்கு எடுத்துப்போக நினைக்காதீர்கள். ஏரிக்கரை வரை நடக்கிற நேரத்தில் தின்று தீர்க்க வேண்டிய பொருள் அது. எடுத்துப் போக வேண்டுமென்றால் பாறைத் துண்டு போல உடைத்து எடை போட்டுத் தருகிற லேடராக் கடைப் பலகைகள் நல்லவை. முழு ஹேசல் கொட்டை போட்டதைக் கேளுங்கள்.

8. சால்ஸ்பர்க்கில் நிறத்தைப் பாருங்கள். மோட்சார்ட் உருண்டை என்று நகரம் முழுக்க விற்பார்கள், பெரும்பாலும் சிவப்பும் தங்கமுமாக. பால் ஃப்யூர்ஸ்ட் என்ற மிட்டாய்க்காரர் 1890-இல் செய்த அசல் உருண்டை வெள்ளித் தாளில் நீலப் படம் போட்டிருக்கும், அந்தக் கடைகளில் மட்டும்தான் கிடைக்கும். பிஸ்தா மார்சிபன் உருண்டையை நூகட்டால் சுற்றி, ஒரு மரக்குச்சியில் குத்தி, கறுப்புச் சாக்லேட்டில் முக்கி எடுத்து, குச்சியை உருவிய ஓட்டையைச் சாக்லேட்டால் அடைக்கிறார்கள். இன்றும் கையால்தான். ஆலையில் செய்தது பல மாதம் இருக்கும். இது அவ்வளவு நாள் தாங்காது. ஒன்று மட்டும் வாங்கித் தின்று பாருங்கள், வித்தியாசத்தை நான் சொல்லவே வேண்டியதில்லை.

9. இத்தாலிக்குப் போகிறவர்கள் தூரின் ஊரின் ஜாண்டுயோத்தோவை விடாதீர்கள். நெப்போலியன் காலத்தில் கடல்வழி வணிகம் முடங்கி, கொக்கோ கிடைப்பது அரிதாகி, பக்கத்து மலைகளில் மண்டிக் கிடந்த ஹேசல் கொட்டையை அரைத்துச் சேர்க்க ஆரம்பித்தார்கள் என்று அங்கே சொல்வார்கள். காஃபரெல் நிறுவனம் 1865-இல் அதைக் கவிழ்த்த படகு வடிவத்தில், தனித்தனியாகத் தாள் சுற்றிக் கொடுத்தது. கொட்டையின் எண்ணெயால் வாயில் போட்டதும் இளகிவிடும். அதே காரணத்தால் வெயிலிலும் சீக்கிரம் இளகும். மே மாதப் பயணத்துக்கு உகந்ததல்ல.

சிசிலித் தீவின் மோதிகா ஊர் இதற்கு நேர் எதிர். அதிகம் சூடு காட்டாமல் அரைப்பதால் சர்க்கரை கரையாமல் பல்லில் நறநறவென்று கடிபடும். 2018-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. லிண்ட் கண்டுபிடித்த வழவழப்புக்கு முந்தைய காலத்துச் சாக்லேட் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள அதை வாங்கலாம். பரிசாகக் கொடுத்தால் மட்டும் விளக்கிச் சொல்லிக் கொடுங்கள். இல்லையென்றால் கெட்டுப்போனதைக் கொடுத்துவிட்டான் என்று நினைப்பார்கள்.

10. சைவ வீட்டுக்கும் மது தொடாத வீட்டுக்கும் வாங்கும்போது இரண்டு மடங்கு கவனம் வேண்டும். ட்ரஃபிளில் 'மார்க் த ஷாம்பான்', உள்ளீட்டில் கிர்ஷ், ரம், கோன்யாக், ஜெர்மன் பெட்டிகளில் வைன்பிராண்ட் என்று இருந்தால் அது மது. மோன் ஷேரி என்ற சாக்லேட்டின் செர்ரிப் பழம் மதுவிலேயே மிதக்கிறது. கலவைப் பெட்டியில் இவற்றில் ஒன்றிரண்டு கலந்தே வரும். குழந்தைகள் எடுப்பதும் அதைத்தான். இஸ்லாமிய நண்பர்கள் வீட்டுக்குக் கொடுக்கும்போதும் இதைப் பாருங்கள்.

சைவத்துக்கு இடைஞ்சல் ஜெலட்டின். மார்ஷ்மெல்லோவுக்குச் சாக்லேட் பூசியதிலெல்லாம் அது இருக்கும், பெரும்பாலும் பன்றியிலிருந்து எடுத்தது. சிவப்பு, இளஞ்சிவப்பு அலங்காரத்தில் ஈ 120 என்று போட்டிருந்தால் அது பூச்சியிலிருந்து எடுத்த நிறம். பளபளக்கிற கொட்டை உருண்டைகளின் மேல் ஈ 904 என்றால் அரக்கு. ரொம்ப ஆசாரம் பார்க்கிற பாட்டிக்கு என்றால் உள்ளீடே இல்லாத கறுப்புப் பட்டையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். ஒவ்வாமைப் பொருட்களைத் தனித்துத் தெரியும்படி எழுத வேண்டும் என்பது இங்கே சட்டம்; பெரும்பாலும் தடித்த எழுத்தில் போடுவார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொட்டை ஒத்துக்கொள்ளாது என்றால் அந்தத் தடித்த எழுத்துகளைக் கடையிலேயே மொழிபெயர்த்துப் பாருங்கள்.

11. சர்க்கரை நோய் உள்ளவருக்கு 'சர்க்கரை இல்லாதது' வாங்கிக் கொடுப்பது எல்லாருக்கும் தோன்றுகிற யோசனை. அதில் பெரும்பாலும் மால்டிட்டால் இருக்கும். அதிகம் தின்றால் வயிற்றைக் கலக்கும் என்று அட்டையிலேயே எச்சரிக்கை போட்டிருப்பார்கள். அது இரத்தச் சர்க்கரையையும் கொஞ்சம் ஏற்றத்தான் செய்யும். எனக்கு அதன் ருசியும் பிடிக்காது. 85 சதவீதத்தில் சின்ன வில்லைகளாக வருவதை வாங்குங்கள். அவர் தன் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு ஒன்றிரண்டு எடுத்துக்கொள்ளட்டும்.

12. சூப்பர்மார்க்கெட்டில் வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அலுவலகத்தில் முப்பது பேருக்குக் கொடுக்க வேண்டியிருந்தால் அங்கேதான் வாங்க வேண்டும். அலமாரியில் விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் கிலோ விலை இருக்கும். பெட்டிகளை ஒப்பிட அது ஒன்றே போதும். 2024-இல் கொக்கோ விலை டன்னுக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டியது. அதற்கு முன் பல வருடமாக இரண்டாயிரம், மூவாயிரம் என்று கிடந்த சரக்கு. உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் தருகிற ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் மழையும் மரநோயும் சேர்ந்து விளைச்சலைக் கெடுத்ததுதான் காரணம். அதற்குப் பிறகு விலையும் ஏறியது, சத்தமில்லாமல் எடையும் இறங்கியது. 100 கிராம் பட்டை 90 கிராம் ஆனது கண்ணுக்குத் தெரியாது, கிலோ விலையில் தெரிந்துவிடும்.

13. விமான நிலையத்தில் வாங்குவது கடைசி வழியாக இருக்கட்டும். பெரிய பெட்டி, பெரிய விலை, நிறுத்துத் தருகிற பழக்கம் குறைவு. ஆனால் ஒரு வசதி உண்டு: பாதுகாப்புச் சோதனை முடிந்த பிறகு வாங்குவதால் எதையும் பிடுங்கமாட்டார்கள். வெளியிலிருந்து கொண்டுவரும் கெட்டிச் சாக்லேட்டைக் கைப்பையிலேயே எடுத்துப் போகலாம். ரொட்டியில் தடவும் ஹேசல் விழுது மட்டும் திரவக் கணக்கில் வரும்; 100 மில்லிக்கு மேற்பட்ட புட்டியைப் பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள்.

14. ஊருக்குக் கொண்டுபோகும் வித்தை. கொக்கோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரியில் உருகும். நம் உடம்புச் சூடு 37 என்பதால்தான் அது நாக்கில் கரைகிறது. சென்னை மீனம்பாக்கத்தில் வண்டிக்குக் காத்திருக்கிற வெயிலிலும் அதே காரணத்தால்தான் கரைகிறது. ஆகவே கெட்டிப் பட்டை, கொட்டை விழுது, மார்சிபன் இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெட்டிக்கு நடுவில், துணிகளுக்குள் சுற்றி வையுங்கள். வீட்டுக்குப் போனதும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்துவிடலாம். இங்கே 15 முதல் 18 டிகிரியில், அலமாரியிலேயே வை என்பார்கள். நம் ஊரில் அந்த அலமாரிக்கு எங்கே போவது! ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் திறக்காதீர்கள். மூடிய டப்பா அறைச் சூட்டுக்கு வரும்வரை விட்டு வையுங்கள். இல்லாவிட்டால் சாக்லேட்டின் மேல் ஈரம் கோத்து, சர்க்கரை கரைந்து, காய்ந்ததும் சொரசொரப்பாக வெள்ளை பூக்கும்.

ஒருமுறை இளகி மறுபடி இறுகினாலும் வெள்ளை பூக்கும். அது மேலே வந்து படிந்த கொழுப்பு, பூஞ்சணம் இல்லை. க்ரீம் இல்லாத பட்டை என்றால் தின்னலாம், குப்பையில் போட வேண்டாம். பாலில் போட்டுக் காய்ச்சிக் குடித்தால் இன்னும் நல்லது.

15. உங்களுக்கென்று ஒன்று வாங்கி, எடுத்துப்போகுமுன் தின்று பாருங்கள். நல்ல பட்டையை உடைத்தால் 'டக்' என்று சுத்தமாக முறியும், பொடியாக உதிராது. மேற்பரப்பு மங்காமல் மின்னும். சின்னத் துண்டை நாக்கில் வைத்துக் கடிக்காமல் இருங்கள். மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டு கரையாமல் கிடந்தால் கொழுப்பில் ஏதோ தகிடுதத்தம். நல்லது சீராக இளகும். முதலில் இனிப்பு, பிறகு புளிப்போ பழ வாசமோ, கடைசியில்தான் கசப்பு வரும். மடகாஸ்கர் கொக்கோ என்றால் அந்தப் புளிப்பு எடுப்பாகத் தெரியும், ஈக்குவடார் என்றால் பூவாசம். இப்படி நாட்டின் பெயர் போட்ட பட்டைகளை, பிரான்சின் வோய்ரோன் ஊரில் 1884 முதல் இருக்கிற போனா, ஆஸ்திரியாவின் ஸோட்டர் போன்றவர்கள் செய்கிறார்கள். மூன்று நாட்டுப் பட்டைகளைச் சேர்த்துக் கட்டி, ருசி தெரிந்த ஒரு நண்பருக்குக் கொடுத்துப் பாருங்கள். தங்கக் காகிதம் சுற்றிய பெரிய பெட்டியைவிட அது செலவும் குறைவு, நினைவிலும் நிற்கும். குறைந்த சதவீதத்தில் தொடங்கி மேலே போகச் சொல்லுங்கள், நடுவில் தண்ணீர்.

16. மலிவாக நல்லது வேண்டுமா? ப்ரஸ்ஸல்ஸுக்கு வெளியே வ்லேசன்பேக்கில் நொய்ஹவுஸின் ஆலைக் கடை இருக்கிறது. பெட்டிகள் குறைந்த விலையில் கிடைக்கும், ருசி பார்க்கவும் தருவார்கள். வயிற்றை முன்னாலேயே நிரப்பிக்கொண்டு போனால் வாங்குவது அளவோடு இருக்கும். இன்னொரு வழி பண்டிகை கழிந்த மறுநாள். டிசம்பர் 6, புனித நிக்கோலஸ் நாளுக்காகச் செய்த சாக்லேட் பொம்மைகளும் ஈஸ்டருக்காகச் செய்த முட்டைகளும் முயல்களும் பண்டிகை தாண்டினால் அலமாரியை அடைத்துக்கொண்டு நிற்கும்; விலையை வெட்டி விற்பார்கள். உள்ளே இருப்பது அதே சாக்லேட்தான், முயல் காது கொஞ்சம் உடைந்திருக்கலாம். ஈஸ்டர் திங்கள் இங்கே அரசு விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலையில் கடை திறக்கும்போதே போய் நில்லுங்கள். பத்து மணிக்கெல்லாம் கறுப்புச் சாக்லேட் தீர்ந்து வெள்ளைதான் மிஞ்சும்.